முதல் மணி ஆப்சென்ட்

சேவியர்ராஜ்: ...இன்னொரு தபா சொல்லுங்கம்மா. குழு வந்து ஒக்காந்துட்டாங்க. இந்தக் காலேஜுல நீங்க எப்ப படிச்சீங்க?

பச்சையம்மாள்: எம்பத்தாறுல சேந்தேன் சார்.

சேவியர்ராஜ்: எழுபத்தெட்டுன்னு இல்ல சொல்லிக் குடுத்தேன்?

பச்சையம்மாள்: எழுபத்தெட்டுல எனக்குப் பத்து வயசு சார். எம்பத்தாறுன்னா நெனப்புல நிக்கும்.

சேவியர்ராஜ்: அதுவும் சரிதான். எந்த வருசம்னா இன்னா, அந்தக் காலத்து அட்மிஷன் ரிஜிஸ்டர் பூரா கரையான் தின்னுட்டுது. இன்னா பாடம்?

பச்சையம்மாள்: பி.ஏ. வரலாறு.

சேவியர்ராஜ்: பிரமாதம். கண்ணு சிமிட்டாம சொல்றீங்க. நாடகம் கீடகம் நடிச்ச பழக்கம் இருக்கா?

பச்சையம்மாள்: இல்ல சார்.

சேவியர்ராஜ்: பரவால்ல. அர மணி நேரம் நடிச்சா போதும். காலேஜுக்கு மார்க்கு போட வந்திருக்காங்க. பழைய மாணவருங்க பதினஞ்சு பேரக் காட்டணும். பதினாலு பேரு ரெடி, பதினாலும் ஆம்பளைங்க. வரேன்னு சொன்ன டீச்சரம்மா, மருமவளுக்கு வளைகாப்புன்னு சின்னசேலத்துலயே நின்னுட்டாங்க. பிரின்சிபால் என்னக் கடிச்சித் துப்புறாரு. அந்த நேரம் பாத்து சாமி அனுப்பின மாதிரி நீங்க கேட்டாண்ட வந்து நின்னீங்க.

பச்சையம்மாள்: நான் பொண்ணு விசயமா இல்ல வந்தேன்... கையெழுத்து வாங்கித் தரேன்னீங்க.

சேவியர்ராஜ்: தரேன். பொண்ணு பேரு இலக்கியா. ரெண்டாவது வருசம், என் டிபார்ட்மென்ட்டு. வருகை அறுவத்தெட்டு பர்சென்ட். எழுபத்தஞ்சு இல்லன்னா பரீட்ச எழுதக் கூடாது. கரெக்டா?

பச்சையம்மாள்: மலையிலருந்து காலையில ஒரு பஸ்ஸுதான் சார். வளைஞ்சி வளைஞ்சி எறங்கி இங்க வர்றதுக்குப் பத்தே கால் ஆயிடுது. மூணு நாளைக்கு ரெண்டு நாளு அப்படித்தான்.

சேவியர்ராஜ்: முதல் மணிக்கு ஆள் இல்லன்னா அரை நாள் ஆப்சென்ட். அது ரூல். நான் போட்டதில்ல அந்த ரூல, ஆனா அதுல நான் ரொம்ப கண்டிப்பு. ஒம்போதரைக்கு மணி அடிச்சா வகுப்பு. பதினோரு வருசமா.

பச்சையம்மாள்: ம்...

சேவியர்ராஜ்: பிரின்சிபால் மன்னிச்சுக் கையெழுத்துப் போட்டா எழுதலாம். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட கடைசி. ஆனா இன்னிக்கு அவருகிட்ட பேப்பர நீட்ட எவனுக்கும் தைரியம் இல்ல. நீங்க நல்லபடியா பேசி முடிச்சீங்கன்னா நானே நீட்டுறேன். போதுமா?

பச்சையம்மாள்: போதும் சார்.

சேவியர்ராஜ்: இந்தாங்க, எழுபதாண்டு மலர். நாந்தான் எழுதுனேன். மொதப் பக்கத்தக் கேட்டுக்குங்க, கேள்வி வந்தா ஒதவும். "1955ஆம் ஆண்டு ஆனித் திங்கள் பத்தாம் நாள், கல்வித் தந்தை தெய்வசிகாமணி அவர்கள் தமது அரிசி ஆலையின் கிடங்கினை மனமுவந்து ஈந்து, நாற்பத்தொரு மாணவர்களோடும் மூன்று ஆசிரியர்களோடும் இப்பகுதியில் அறிவு விளக்கினை ஏற்றினார்."

பச்சையம்மாள்: பெருச்சாளி வினாத்தாள தின்னுட்டு, மொத வருசம் பரீட்ச ஒரு வாரம் தள்ளிப் போச்சாமே.

சேவியர்ராஜ்: ...அத உங்களுக்கு யாரு சொன்னா?

பச்சையம்மாள்: மணி அடிக்கிற ஆதிமூலம்.

சேவியர்ராஜ்: அவரு செத்து இருவது வருசம் ஆவுது. அது வரைக்கும் நல்லது. பெருச்சாளியையெல்லாம் மலர்ல போட முடியுமா? "பற்பல இன்னல்களைக் கடந்து"ன்னு எழுதியிருக்கேன். பெருச்சாளி அதுலயே அடங்கிடும். இன்னும் ஒரே ஒரு வரி கேளுங்க. இது உங்க மலையப் பத்தினது. "1988ஆம் ஆண்டு, மலைவாழ் மக்களின் கல்விக்கு ஆற்றிய அரும்பணியைப் பாராட்டி, நம் கல்லூரியின் அன்றைய முதல்வருக்குச் சென்னையில் பொற்பதக்கம் வழங்கப்பட்டது."

பச்சையம்மாள்: ஏப்ரல் மாசம்.

சேவியர்ராஜ்: ஆமா... மாசம் நான் எழுதலயே. சரி, ஏதோ ஒரு மாசம் சொன்னா சந்தேகம் வராது. அப்படியே சொல்லுங்க. காலேஜுல புதுசா இன்னா இருக்குன்னு கேட்டா?

பச்சையம்மாள்: மூலிகைத் தோட்டம். நாப்பது தொட்டி.

சேவியர்ராஜ்: ஆங்.

பச்சையம்மாள்: அதுல ஆறு தொட்டி எம் பொண்ணு கொண்டாந்தது சார். மடியில ஒண்ணு, காலுக்கு நடுவுல ஒண்ணுன்னு மூணு நாளா பஸ்ல வச்சிக்கினு வந்துச்சு.

சேவியர்ராஜ்: பாத்தீங்களா, சேவை மனப்பான்மை.

பச்சையம்மாள்: அந்த மூணு நாளும் ஆப்சென்ட்டு.

சேவியர்ராஜ்: ...தொட்டி எப்ப வந்தாலும் தோட்டத்துல வச்சிடலாம். ஆளுக்குத்தான்மா நேரம் இருக்கு.

பச்சையம்மாள்: உங்க சட்டையில பேட்ஜு புதுசா இருக்கே சார். துறைத் தலைவர்னு போட்டிருக்கு.

சேவியர்ராஜ்: நேத்து அடிச்சது. தலைவரு ரிட்டையராயி மூணு வருசம், போஸ்ட்டு காலி. நான் கௌரவ விரிவுரையாளர். பதினோரு வருசமா எனக்கு நிரந்தரமா இருக்கறது கௌரவம் மட்டுந்தான். இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் தலைவர், நாளைக்குப் பழையபடி. எழுந்திரிங்க, கூப்புடுறாங்க. பஸ் வசதி பத்திக் கேட்டா?

பச்சையம்மாள்: நல்லா இருக்கு.

சேவியர்ராஜ்: லைப்ரரி?

பச்சையம்மாள்: நாப்பதாயிரம் புத்தகம்.

சேவியர்ராஜ்: மறக்க முடியாத அனுபவம்னு ஒரு கேள்வி கேப்பாங்க. எல்லாரையும் கேக்குறாங்களாம். அதுக்கு ஒண்ணும் சொல்லித் தரலயே நான்...

பச்சையம்மாள்: அத நான் பாத்துக்கறேன் சார்.

*

பவுலின்: ஒக்காருங்கம்மா. பயப்படாதீங்க. என் பேரு பவுலின். வேலை மைசூர்ல, பொறந்தது இங்கதான், களமருதூர். குழுவுல தமிழ் தெரிஞ்சது நான் ஒருத்திதான். மத்தவங்க லேப் பாக்கப் போயிருக்காங்க.

சேவியர்ராஜ்: இவங்க பச்சையம்மாள், மேடம். நம்ம பழைய மாணவி. கல்வராயன் மலை. கல்லூரியோட பஸ் வசதி, லைப்ரரி வசதி, மூலிகைத் தோட்டம், இதையெல்லாம் பத்தி...

பவுலின்: அவங்களே சொல்லட்டும் சார். எப்ப படிச்சீங்கம்மா?

பச்சையம்மாள்: எம்பத்தாறுலருந்து எம்பத்தெட்டு. பி.ஏ. வரலாறு.

பவுலின்: மூணு வருசப் படிப்பு இல்லையா அது?

சேவியர்ராஜ்: எம்பத்தொம்போதுன்னு சொல்ல வந்தாங்க மேடம்.

பச்சையம்மாள்: எம்பத்தெட்டுதான்மா.

சேவியர்ராஜ்: மலை ஜனங்க மேடம். அடக்கம் ஜாஸ்தி. எதையும் ஒண்ணு கொறச்சித்தான் சொல்லுவாங்க.

பவுலின்: பரவாயில்ல. இங்க படிச்சதுல மறக்க முடியாதது எதாவது சொல்லுங்க.

பச்சையம்மாள்: பரீட்ச எழுதாததுதான்மா.

சேவியர்ராஜ்: அம்மா...

பவுலின்: சார், கொஞ்சம் இருங்க.

பச்சையம்மாள்: எங்க ஊரு வெள்ளிமலைக்கு அந்தாண்ட. எங்கப்பா கடுக்காய் பொறுக்கி எடுத்தாந்து கீழ விப்பாரு. கச்சிராயபாளையத்துல தங்கிப் பன்னெண்டாவது முடிச்சேன். மலையிலருந்து இந்தக் காலேஜுக்கு வந்த மொதப் பொண்ணு நாந்தான்னு சொன்னாங்க. சேந்த அன்னிக்கே முதல்வரு என்னக் கூப்புட்டு, பேப்பர்காரங்க முன்னாடி பக்கத்துல நிக்க வச்சாரு. என் தாவணி சாயம் போயிருக்குன்னு கூடப் படிக்கிற பொண்ணுது ஒண்ண வாங்கிக் கட்டிவிட்டாங்க. போட்டோ எடுத்ததும் அவுத்துக் குடுத்துட்டேன்.

பவுலின்: ஹாஸ்டல்ல இருந்தீங்களா?

பச்சையம்மாள்: பொம்பளப் புள்ளைங்களுக்கு அப்ப ஹாஸ்டல் ஏது... மொத வருசம் கச்சிராயபாளையத்துல சொந்தக்காரங்க வூடு. அடுத்த வருசம் அவங்களுக்கு மருமவ வந்துட்டா, எடம் இல்ல. மலையிலருந்து பஸ்ல வந்தேன். வந்து சேர்றதுக்குள்ள முதல் மணி முடிஞ்சிடும். வருசம் முடியும்போது எனக்கு வருகை கம்மின்னாங்க. முதல்வரு கையெழுத்துப் போட்டா பரீட்ச எழுதலாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அஞ்சு நாளு அவரு ரூமு வாசல்ல நின்னேன். அவரு மெட்ராஸு போயிருந்தாரு.

பவுலின்: எதுக்கு?

பச்சையம்மாள்: பதக்கம் வாங்க. மலைப் புள்ளைங்களப் படிக்க வச்சாருன்னு.

பவுலின்: ...சார், உங்களுக்குத் தண்ணி எதாவது வேணுமா?

சேவியர்ராஜ்: வேணாம் மேடம்.

பவுலின்: நீங்க சொல்லுங்கம்மா.

பச்சையம்மாள்: வெள்ளிக்கிழமை கிளார்க்கு வந்து, திங்கக்கிழமை வாம்மா, சாரு வந்துடுவாருன்னாரு. திங்கக்கிழமைதான் பரீட்ச. வந்தேன். அவரு வரல. அங்க பாராட்டு விழா இன்னொண்ணு வச்சிட்டாங்களாம். ஆதிமூலம் மணி அடிச்சாரு, எல்லாரும் உள்ள போயிட்டாங்க. நான் சன்னலோரமா நின்னு பாத்தேன். ஒரு பெஞ்சுல என் நம்பரு ஒட்டியிருந்துச்சு. யாரும் கிழிக்கல. ஒரு வாத்தியாரு வந்து அதுமேல வினாத்தாளக்கூட வச்சிட்டுப் போனாரு. மூணு மணி நேரமும் அங்கதான் நின்னேன். ஃபேன் காத்துக்கு அந்தத் தாளு எழுந்து எழுந்து விழுந்துக்கினு இருந்துச்சு. அப்புறம் மொத்தமா வாரிக் கட்டி எடுத்துக்கினு போயிட்டாங்க.

பவுலின்: அழுதீங்களா?

பச்சையம்மாள்: இல்லம்மா. பசிச்சுது. வூட்டுக்குப் போயிட்டேன்.

பவுலின்: முதல்வர் திரும்பி வந்தாரா?

பச்சையம்மாள்: பத்து நாளைக்கப்புறம் அவரு மலைக்கே வந்தாரு. பதக்கத்தக் காட்ட. பாராட்டுக் கூட்டம். என்னத்தான் மாலை போடச் சொன்னாங்க. போட்டேன். இன்னாம்மா, பரீட்ச நல்லா எழுதினியான்னு கேட்டாரு.

பவுலின்: என்ன சொன்னீங்க?

பச்சையம்மாள்: எழுதினேன் சார்னு சொன்னேன். அவ்வளவு பேரு சுத்தி நிக்கறாங்க. வேற இன்னா சொல்றது.

பவுலின்: இந்த மலர்ல ஒரு போட்டோ பாத்தேன் நான்... பதினாலாம் பக்கம். இது நீங்களா?

பச்சையம்மாள்: ஆமாம்மா. இதான் அந்தத் தாவணி.

பவுலின்: "முதல்வருடன் மலைவாழ் மாணவி ஒருவர்"னு போட்டிருக்கு. சார், இவங்க பேரு போடலையே.

சேவியர்ராஜ்: மேடம்... பழைய படம். பேரு தெரியல. தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னு...

பவுலின்: உங்க பக்கத்துலதான் ஒக்காந்திருக்காங்க. அப்புறம் என்ன செஞ்சீங்கம்மா?

பச்சையம்மாள்: கல்யாணம், புள்ளைங்க. இப்ப மலையில உண்டு உறைவிடப் பள்ளியில சமையல். இருவது வருசமாச்சு. கடைசிப் பொண்ணு இலக்கியா. இதே காலேஜு, இதே பாடம். வேற எங்கயாவது படின்னேன். நீ விட்ட எடத்துலருந்து நான் படிக்கிறேன்னு வந்துச்சு. அதுக்கும் வருகை கம்மி. அதே முதல் மணி. கையெழுத்துக்குத்தான் வந்தேன். இன்னிக்குப் பழைய மாணவியா ஒக்காந்தா கையெழுத்து வாங்கித் தரேன்னு...

சேவியர்ராஜ்: சொன்னது நாந்தான் மேடம். இவங்க நெசமாவே படிச்சவங்கன்னு எனக்குத் தெரியாது.

பவுலின்: தெரியாமத்தான் பழைய மாணவின்னு கூட்டிட்டு வந்தீங்களா?

சேவியர்ராஜ்: ஒரு ஆளு கொறஞ்சிது மேடம்.

பவுலின்: சரி. கையெழுத்துப் போடுன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா. நாங்க பேப்பர் பாக்க வந்தவங்க. இருக்கற பேப்பரப் பாப்போம், இல்லாத பேப்பரக் கேப்போம். அவ்வளவுதான். சேவியர்ராஜ் சார், மலையிலருந்து வர்ற மாணவருங்களுக்கு வருகையில சலுகை குடுக்கற நடைமுறை கல்லூரியில இருக்கா?

சேவியர்ராஜ்: இருக்கு மேடம்.

பவுலின்: அதுக்கு ஃபைல் இருக்குமே.

சேவியர்ராஜ்: இருக்கும் மேடம்.

பவுலின்: நாலு மணிக்கு எனக்கு வேணும். மலையிலருந்து மொத்தம் எத்தன பேரு படிக்கிறாங்க?

பச்சையம்மாள்: வருகை கம்மின்னு நிக்கிறது மட்டும் பதினோரு பேரும்மா.

பவுலின்: அப்ப அந்த ஃபைல்ல பதினோரு பேப்பர் இருக்கும். இருக்கும்ல சார்?

சேவியர்ராஜ்: ...இருக்கும் மேடம். நாலு மணிக்குள்ள கண்டிப்பா இருந்துடும்.

பவுலின்: கடைசியா ஒண்ணு. முதல் மணி யாரு எடுக்கறது? அது ஏன் பத்தரைக்கு மாத்தி வைக்கக் கூடாது?

சேவியர்ராஜ்: நாந்தான் எடுக்கறேன் மேடம். நேரத்த மாத்தினா ஒழுங்கு போயிடும். ஒம்போதரைக்கு டாண்ணு ஆரம்பிச்சிடுவேன்.

பவுலின்: அப்படியாம்மா?

பச்சையம்மாள்: ...சாரு முதல் மணி விசயத்துல ரொம்ப கண்டிப்புன்னு எம் பொண்ணு சொல்லும்.

*

சேவியர்ராஜ்: அம்மா... நில்லுங்க. பஸ்ஸு வர இன்னும் பத்து நிமிசம் ஆவும். இந்தாங்க.

பச்சையம்மாள்: போட்டுட்டாரா?

சேவியர்ராஜ்: போட்டுட்டாரு. பதினொண்ணுலயும். ஃபைல் கேக்கறாங்கன்னு சொன்னதும் எழுந்து நின்னுட்டாரு. புது அட்டை வச்சா கண்டுபுடிச்சிடுவாங்கன்னு, பழைய அட்டை ஒண்ண ஸ்டோர் ரூமுலருந்து எடுத்து, ஒட்டடை தட்டி... தட்டாத, அது அப்படியே இருக்கட்டும்னாரு. மேல தலைப்பு அவரே சொன்னாரு. "மலைவாழ் மாணவர் வருகைச் சலுகை, 1988 முதல்."

பச்சையம்மாள்: எம்பத்தெட்டுலருந்தா.

சேவியர்ராஜ்: பதக்கம் வாங்கின வருசம் பொருத்தமா இருக்கும்னாரு. நான் அப்படியே எழுதிட்டேன்.

பச்சையம்மாள்: அந்தம்மா பாத்தாங்களா?

சேவியர்ராஜ்: பாத்தாங்க. மை காயாம இருந்த கையெழுத்த விரலால தடவிக்கூட பாத்தாங்க. ஒண்ணும் கேக்கல. "நல்ல நடைமுறை, வருசா வருசம் தொடர வேண்டும்"னு எழுதிட்டாங்க. இனிமே நிறுத்த முடியாது. அடுத்த தபா வந்தா இத மொதல்ல கேப்பாங்க.

பச்சையம்மாள்: போதும் சார். பெரிய ஒதவி.

சேவியர்ராஜ்: மலர்ல உங்க பேரப் போடணும்னும் சொன்னாங்க. பிரின்சிபால் ஒத்துக்கிட்டாரு. அடுத்த மலர்ல போட்டுடலாம்னாரு.

பச்சையம்மாள்: அது எப்ப?

சேவியர்ராஜ்: நூறாவது ஆண்டுக்கு... சிரிக்காதீங்கம்மா. நான் பேரு எழுதி சின்னத் துண்டு அடிச்சி எல்லாப் புத்தகத்துலயும் ஒட்டிடறேன். என் கையாலயே ஒட்டுறேன்.

பச்சையம்மாள்: ஒட்டுங்க.

சேவியர்ராஜ்: காலையிலயே சொல்லியிருக்கலாமே நீங்க. நான் பாட்டுக்கு நடிப்பு நல்லா இருக்கு, நாடகத்துல இருந்தீங்களான்னு... இன்னா நெனச்சிருப்பீங்க.

பச்சையம்மாள்: நான் படிச்சேன்னுதான் சார் காலையிலருந்து சொல்லிக்கினு இருந்தேன்.

சேவியர்ராஜ்: ஆமா... சொன்னீங்க. நாந்தான் கேக்கல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். காலையில கேட்டாண்ட குழுவ வரவேற்க அத்தன வாத்தியாருங்க வரிசையா நின்னோம். சீனியருங்க நெறைய பேரு. நீங்க நேரா எங்கிட்டயே வந்து நின்னீங்களே... ஏன்?

பச்சையம்மாள்: எம் பொண்ணு உங்களத்தான் அடையாளம் சொல்லி அனுப்புச்சு சார். திருக்கோவிலூர்லருந்து வர்றவரு, கள்ளக்குறிச்சியில எறங்கி டவுன் பஸ் மாறி வருவாரு, கையில பச்சப் பையி இருக்கும்னு. அந்த டவுன் பஸ்ஸும் எங்க மலை பஸ்ஸும் இந்தக் கேட்டுல ஒண்ணாத்தான் வந்து நிக்கிதாம், பத்தே காலுக்கு. ஆறு மாசமா அது உங்க முதுகப் பாத்துக்கினேதான் சார் வகுப்புக்கு வருது. நீங்க மொதல்ல நுழையறீங்க, ரிஜிஸ்டரப் பிரிக்கறீங்க, பின்னாடியே வர்ற அவளுக்கு ஆப்சென்ட் போடறீங்க. அந்தம்மா கேட்டப்ப தொண்ட வரைக்கும் வந்துச்சு... கையெழுத்து இன்னும் ஆவலயேன்னு முழுங்கிட்டேன். இப்ப ஆயிடுச்சு. நாளையிலருந்து போட்டா ரெண்டு பேருக்கும் ஆப்சென்ட் போடுங்க சார், இல்லன்னா ரெண்டு பேருக்கும் பிரசன்ட் போடுங்க.